கையில் இருந்த பந்து

27 மார்ச் 1955, ஞாயிறு. கல்கத்தா

கங்காதீர் கிளப் ஜனவரியில் ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு டைரி கொடுத்தது. இத்தனை நாள் இதைப் பெட்டியின் அடியில் போட்டு வைத்திருந்தேன். எழுத என்ன இருந்தது? இன்றைக்கு இருக்கிறது.

ஆதர்ஷ சமிதி என்ற சின்னக் கிளப்பின் செயலாளர் என்னைத் தேடி மெஸ்ஸுக்கே வந்துவிட்டார். வருகிற சீசனில் அவர்களுடைய கோல் எனக்குத்தானாம். முதல் கோல்கீப்பர். இரண்டாவது அல்ல. இரண்டாவது கோல்கீப்பர் என்றால் என்னவென்று பெரம்பூரில் யாருக்கும் தெரியாது, பாவம், கல்கத்தாவில் நான் பந்து பிடித்துக்கொண்டிருப்பதாக நினைக்கிறார்கள். ஆட்டம் தொடங்கிய பிறகு ஆள் மாற்றக் கூடாது என்பது சட்டம். ஆகவே இரண்டாவது ஆள் கூடாரத்தில் உட்கார்ந்து எலுமிச்சம்பழம் நறுக்கலாம். மூன்று சீசன் நறுக்கினேன். முதல் கோல்கீப்பர் தேபுவுக்குக் காய்ச்சல் வந்தபோது மட்டும் ஆடக் கிடைத்தது, மொத்தம் நாலு ஆட்டம். தேபு இரும்பு உடம்புக்காரன்.

கிளப் மாற வேண்டுமானால் ஏப்ரல் 15 மாலை ஐந்து மணிக்குள் கால்பந்துச் சங்க ஆபீசுக்கு நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். போடாதவன் இன்னொரு வருஷம் பழைய கிளப்பிலேயே கிடக்க வேண்டியதுதான். எனக்கு முப்பது முடிகிறது. இன்னொரு வருஷம் எலுமிச்சம்பழம் நறுக்க என்னால் ஆகாது.

தயாளனிடம் சொன்னேன். அவன் என் தங்கை பாக்கியத்தின் புருஷன். ஒரே மில் டீமிலிருந்து இரண்டு பேரும் ஒன்றாகக் கல்கத்தா வந்தோம். இடது ஓரத்தில் அவன் பந்தை எடுத்தால் மைதானமே எழுந்து நிற்கும். என் பெயர் ஏகாம்பரம் என்பது மெஸ் சமையற்காரனுக்குக்கூடத் தெரியாது. தயாளனுடைய மச்சான், அவ்வளவுதான்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையை நிறுத்தினான். எப்போது கையெழுத்துப் போடப் போகிறாய் என்று கேட்டான். ஐந்தாம் தேதி வாக்கில் என்றேன். நல்ல காரியம்தான் மச்சான் என்று சொல்லிவிட்டுத் தட்டோடு எழுந்து போனான். மீன் அப்படியே இருந்தது.

2 ஏப்ரல்

இந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கையெழுத்துக் காலம் வந்தால் கிளப்புகள் தங்கள் ஆட்டக்காரர்களை ஒளித்து வைத்துவிடும், மற்ற கிளப் தூக்கிக்கொண்டு போகாமல் இருக்க. யாரை ஒளிக்கிறார்களோ அவன் பெரிய ஆள். தயாளனைப் போன வருஷம் ஒரு ஜமீன் பங்களாவில் வைத்திருந்தார்கள். திரும்பி வந்தபோது கன்னம் உப்பியிருந்தது.

இன்று காலை எங்கள் செயலாளர் அனாதி பாபு டாக்சியில் வந்து இறங்கினார். கையில் ரசகுல்லாச் சட்டி. நவோதயக்காரர்கள் என்னைத் தூக்கத் திட்டம் போட்டிருக்கிறார்களாம், உடனே கிளம்பு என்றார். நவோதயம் எங்கள் பரம எதிரி. அவர்களுக்கு நான் எதற்கு என்று கேட்டேன். உன் அருமை உனக்குத் தெரியாது என்றார்.

பதினைந்தாம் தேதிக்குள் எனக்குக் கல்கத்தாவில் ஒரு வேலை இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். சமிதியைப் பற்றி மூச்சு விடவில்லை. அதற்கென்ன, எப்போது வேண்டுமானாலும் அனுப்புகிறோம் என்றார். என் பெட்டியைத் தயாளனே தூக்கி வந்து டாக்சியில் வைத்தான். மூன்று வருஷத்தில் என் பெட்டியை அவன் தொட்டது இதுதான் முதல் தடவை.

மெஸ் ஜன்னலில் எல்லோரும் நின்று பார்த்தார்கள். தேபுவும் பார்த்தான். அதை எழுதாமல் விட முடியவில்லை.

3 ஏப்ரல். சந்தன்நகர்

ஆற்றங்கரையில் பழைய வீடு. மாடியில் எனக்கு ஒரு அறை, கட்டில், கொசுவலை. கீழே இரண்டு காவல்காரர்கள். ஒருவன் கேஷ்டோ, ஒரு காலத்தில் மல்யுத்தம் செய்தவன், இப்போது சமையலும் அவன்தான். எல்லாவற்றிலும் கடுகெண்ணெய். ரசம் வைக்கலாம் என்று புளி கேட்டேன். நாளைக்கு என்றான்.

5 ஏப்ரல்

கதவுக்கு வெளியே பூட்டுப் போட்டிருக்கிறார்கள்.

7 ஏப்ரல்

ஓடாவிட்டால் கால் கனத்துவிடும், கரையோரம் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு வருகிறேன் என்றேன். கூடாதாம். பந்தாவது கொண்டுவா என்றேன். கேஷ்டோ சிரித்துக்கொண்டே, எந்தக் காலால் நன்றாக உதைப்பாய் என்று கேட்டான்.

நான் கோல்கீப்பர் என்பதே இவனுக்குத் தெரியவில்லை! யாரைக் காவல் காக்கிறோம் என்று தெரியாமல் காவல் காக்கிறான், மடையன். அவனுக்குத் தெரிய வேண்டியதெல்லாம் வேறு. உன் தங்கை மேல் தயாளனுக்குப் பிரியம் உண்டா, உன் மேல் உண்டா, உங்கள் பக்கத்தில் மச்சான் என்றால் உயிராமே, மெய்தானா? நானும் உட்கார்ந்து கதை சொன்னேன். கல்யாணத்தன்று தயாளன் என் காலில் விழுந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு அவனுக்கு ஏனோ நிம்மதியாகிவிட்டது.

புளி வரவில்லை.

9 ஏப்ரல்

அனாதி பாபு வந்தார். இன்றே கல்கத்தாவுக்கு அனுப்புங்கள், வேலை இருக்கிறது என்று ஆரம்பித்தேன். அவர் காதில் வாங்கவில்லை. தயாளன் மெட்ராசிலிருந்து எப்போது வருகிறான், உனக்கு ஏதாவது சொன்னானா என்று கேட்டார். அவன் மெட்ராஸ் போயிருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். பாக்கியத்துக்கு ஏழாம் மாதம். பார்க்கப் போயிருப்பான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அவன் வந்து கையெழுத்துப் போட்டதும் நீ போகலாம் என்றார் அனாதி பாபு. இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

என்ன சம்பந்தம் என்று மாலை முழுக்க யோசித்தேன். நவோதயம் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துத் தூக்கப் பார்க்கிறது போலிருக்கிறது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

14 ஏப்ரல்

இன்று சுவர் ஏறிக் குதித்தேன். நாளையோடு கெடு முடிகிறது, இந்த ஊமைக் கோட்டான்களோடு இனிமேல் என்ன பேச்சு? சட்டைகூடப் போடவில்லை. படித்துறை வழியாக ஓடி, ஸ்டேஷன் கண்ணுக்குத் தெரியும் இடம் வரை போய்விட்டேன். கேஷ்டோ பின்னால் வந்து இடுப்பைப் பிடித்தான். மல்யுத்தக்காரன் பிடி. கடைத்தெருவே பார்க்க என்னைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். வழி நெடுக எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தையெல்லாம் தமிழில் சொல்லி முடித்தேன். ஒன்றும் புரியாததால் கோபித்துக்கொள்ளவும் இல்லை. அதுவே எனக்கு இன்னும் ஆத்திரம்.

15 ஏப்ரல்

காலையிலிருந்து கதவை உதைத்தேன். மத்தியானத்துக்கு மேல் கால் வலித்துக் கையால் தட்டினேன். ஐந்து மணி ஆயிற்று. ஆறும் ஆயிற்று.

பொழுது சாயும் நேரத்தில் அனாதி பாபு வந்தார். டாக்சியில் அல்ல, சைக்கிள் ரிக்‌ஷாவில். மேலே ஏறிக்கூட வரவில்லை. முற்றத்தில் நின்றபடி கேஷ்டோவைப் பார்த்து, திறந்துவிடு, இவனைச் சாப்பாடு போட்டு வைத்து இனிமேல் என்ன பிரயோஜனம் என்றார்.

நாலரை மணிக்குத் தயாளன் நவோதயத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

மெட்ராசுக்குப் போகவே இல்லையாம். இத்தனை நாளும் கல்கத்தாவிலேயே நவோதயத்துக்காரன் ஒருவன் வீட்டில் இருந்திருக்கிறான். போகும் முன்னால் அனாதி பாபுவிடம் அவனே சொன்னானாம்: சம்சாரத்தைப் பார்த்துவிட்டு வந்து கையெழுத்துப் போடுகிறேன், நம்பிக்கை இல்லையென்றால் என் மச்சானைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் பக்கத்தில் பெண் கொடுத்தவனை மாட்டிவிட்டு யாரும் ஓட மாட்டார்கள். அனாதி பாபு என்னிடம் கத்தினார். என்ன ஜனங்கள் நீங்கள் என்று கத்தினார்.

ஆக, என்னை யாரும் தேடவில்லை. நவோதயம் தேடவில்லை. கங்காதீர் ஒளிக்கவில்லை. என்னை அடகு வைத்தார்கள், மீட்க வேண்டியவன் மீட்கவில்லை. ரசகுல்லாவை இளித்துக்கொண்டு தின்றேனே, அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

16 ஏப்ரல். கல்கத்தா

நவோதயம் மெஸ்ஸைத் தேடிப் போனேன். புதுச் சட்டை போட்டுக்கொண்டு வராந்தாவில் நின்றிருந்தான். என்னைக் கண்டதும் உள்ளே போகப் பார்த்து, பிறகு நின்றான்.

"இன்னாடா தயாளா, அடகுல வெச்ச பொருளு தானா நடந்து வந்துருச்சேன்னு பாக்கறியா?"

"அப்டில்லாம் பேசாத மச்சான். அவனுங்க உன்னைய அடிச்சானுங்களா? சோறு போட்டுதான வெச்சிருந்தானுங்க?"

"எனக்கு ஒரு எடம் கெடச்சுதுடா. உன்கிட்ட வாய்விட்டுச் சொன்னேன். அஞ்சாம் தேதின்னு தேதிகூடச் சொன்னேன்."

அவன் வாசலைப் பார்த்தபடியே பேசினான். குழந்தை பிறக்கப் போகிறதாம், நவோதயத்தில் கடைசி வரைக்கும் நிலைக்கிற உத்தியோகம் வாங்கித் தருகிறார்களாம், வேறு வழி தெரியவில்லையாம். பிறகு சொன்னான்:

"நீ அந்தச் சின்னக் கிளப்புல போயி இன்னா பெருசா கிழிச்சிருக்கப் போற மச்சான்? விடு. உன் கணக்க நான் எப்பனா ஒரு நாள் சரி பண்ணிட்றேன்."

கை ஓங்கினேன். பாக்கியம் நினைப்பு வந்து இறக்கிவிட்டேன். அடித்திருக்க வேண்டும். இப்போதும் சொல்கிறேன், அடித்திருக்க வேண்டும்.

ஆதர்ஷ சமிதிக்கும் போனேன். எனக்காக ஐந்து மணி வரை பார்த்திருந்துவிட்டு வேறு பையனைப் போட்டுவிட்டார்களாம். செயலாளர் மரியாதையான மனிதர், தேநீர் கொடுத்தார். நான் வாக்குத் தவறினவன் என்று அவர் நினைப்பது முகத்தில் தெரிந்தது.

8 மே

எலுமிச்சம்பழம்.

24 மே

தேபுவின் விரல் முறிந்துவிட்டது. பயிற்சியில் கோல் கம்பத்தில் இடித்துக்கொண்டான். சனிக்கிழமை நவோதயத்தோடு ஆட்டம். அனாதி பாபு என்னைக் கூப்பிட்டு, வேறு ஆள் இல்லை என்றார். வாழ்த்துச் சொல்லும் விதம் இது.

சந்தோஷமாக இருக்கிறதா என்று தேபு கேட்டான். ஆமாம் என்றேன். பொய் சொல்ல எனக்கு என்ன தலையெழுத்து?

29 மே

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். இன்றைய பத்திரிகைகள் எழுதியிருப்பது ஒன்றும் நடந்தது அல்ல.

கூட்டம் மரத்தின் மேலெல்லாம் உட்கார்ந்திருந்தது. முதல் பாதியில் என்னிடம் வந்த பந்து ஒவ்வொன்றையும் பிடித்தேன். நெஞ்சு உயரத்தில் வந்ததை, தரையோடு வந்ததை, மூலையிலிருந்து தலைக்கு வந்ததை. தற்பெருமை இல்லை, தேபுவே இடைவேளையில் எலுமிச்சம்பழம் நறுக்கி என் வாயில் வைத்தான். தயாளன் என் பக்கம் அதிகம் வரவில்லை. இரண்டாம் பாதியில் வந்தான். எங்கள் பின்வரிசைக்காரன் அவன் காலை வாரிவிட்டான். பெனால்டி.

யார் அடிப்பது என்று கேள்வியே இல்லை.

தயாளனுடைய பெனால்டியை நான் பத்து வயதிலிருந்து பார்க்கிறவன். மில் சுவருக்கு எதிரே நின்று வாங்கியிருக்கிறேன். பந்து வருவதைப் பார்க்க முடியாது, சுவரில் பட்ட சத்தம்தான் கேட்கும். இடது கால், என் வலது கைப்பக்கம், தரையோடு. நான் காத்திருந்தேன். எங்கே போகும் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும். இந்த ஒன்றரை மாதமும் நான் கேட்டது இதைத்தான். கடவுளிடம் கேட்டேன் என்றுகூட வைத்துக்கொள்ளலாம்.

அவன் என்னைப் பார்த்தான். நாலடி நடந்து வந்து, காலின் உள்பக்கத்தால் பந்தை என் வயிற்றுக்கே தள்ளிவிட்டான். பாக்கியம் அதைவிட வேகமாக உதைப்பாள்.

என் கை பிடித்துவிட்டது. நான் சொல்லிப் பிடிக்கவில்லை. அது பழக்கம்.

மைதானம் அலறியது. குடையெல்லாம் மேலே பறந்தது. மூன்று வருஷத்தில் முதல்முறையாக என் பெயரைக் கத்தினார்கள், தப்பும் தவறுமாக, "ஏகம்போர், ஏகம்போர்" என்று. ஒரு நிமிஷம் நான் அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

அப்போது தயாளன் தலையைக் குனிந்துகொண்டு, வருத்தப்படுகிறவன் போலப் பக்கத்தில் வந்தான். வாய் அசையாமல் சொன்னான்:

"கணக்கு சரியாப் போச்சு மச்சான்."

எனக்குத் தலை முதல் கால் வரை பற்றிக்கொண்டது. என் மூன்று வருஷத்துக்கும், சந்தன்நகர் பூட்டுக்கும், சமிதியில் கைவிட்டுப் போன இடத்துக்கும் இவன் போடுகிற விலை இது. எனக்கே தெரியாமல் என்னை அடகு வைத்தான், என்னைக் கேட்காமலே பிச்சையும் போடுகிறான். மெய்யாக அடித்தால் நான் பிடிக்க மாட்டேன் என்று முடிவே செய்துவிட்டான்!

திரும்பினேன். கோல் கோட்டைத் தாண்டிப் போய்ப் பந்தை உள்ளே வைத்தேன். எறியவில்லை. குனிந்து வைத்துவிட்டு நிமிர்ந்தேன்.

நடுவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார், பிறகுதான் விசில் ஊதினார். நவோதயத்துக்காரர்களுக்குக்கூடக் குதிக்கத் தோன்றவில்லை. தயாளன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "இன்னா பண்ண, மச்சான், இன்னா பண்ணிட்ட" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

ஒன்றுக்குப் பூஜ்யம். தோற்றோம். போலீஸ் வண்டியில் என்னை ஏற்றித்தான் வெளியே கொண்டுவர முடிந்தது. ஒரு கல் காதோரம் பட்டது.

3 ஜூன்

சங்கத்தில் விசாரணை. கோட்டுப் போட்ட பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஏன் அப்படிச் செய்தாய் என்று ஒருவர் மாற்றி ஒருவர் கேட்டார்கள். தயாளன் வேண்டுமென்றே மெதுவாக அடித்ததைச் சொன்னால் அவன் ஆட்டமும் போய்விடும். அடுத்த மாதம் பாக்கியத்துக்குப் பிள்ளை பிறக்கிறது. நான் வாயைத் திறக்கவில்லை. அவனுக்காக அல்ல.

மச்சானும் மாப்பிள்ளையும் பேசி வைத்து ஆட்டத்தை விற்றார்கள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். தயாளன் மேல் சாட்சி இல்லை என்று அவனை விட்டுவிட்டார்கள். எனக்கு ஆயுள் தடை. வாங்கினவனாம் நான். கொடுத்தவன் ஒருவன் இருந்தான், வாஸ்தவம். வாங்காமல் அங்கேயே வைத்துவிட்டேனே, அதை அத்தனை ஆயிரம் பேர் பார்த்தார்களே!

6 ஜூன். ஹௌரா ஸ்டேஷன்

வழியனுப்ப யாரும் வரவில்லை என்று எழுத உட்கார்ந்தேன். கேஷ்டோ வந்தான். ஒரு பொட்டலத்தைக் கையில் திணித்தான். புளி. அன்றைக்கு உன்னை ஓட விட்டிருக்க வேண்டும் என்றான். ஆமாம் என்றேன். வண்டி கிளம்பும் வரை நின்றான்.

17 ஜூலை. பெரம்பூர்

மில்லில் பழைய வேலை. டீமில் இல்லை, தறிப் பிரிவில். தறிச் சத்தத்தில் யாரும் கேள்வி கேட்க முடியாது, அது ஒரு சௌகரியம்.

பாக்கியத்துக்கு ஆண் குழந்தை. பார்க்கப் போனேன். தொட்டில் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு மெல்லக் கேட்டாள்.

"ஏண்ணா, அவுருமேல கோவம்னா அவுர நாலு அறை அறைஞ்சிருக்கக் கூடாதா? உன் பொழப்ப நீயே ஏன் கெடுத்துக்கின?"

குழந்தையின் கை அழகாக இருக்கிறது, விரல் நீளம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கேட்கிற மாதிரிதான் கேட்டாள். பதில் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

20 நவம்பர், ஞாயிறு

தயாளன் ஊருக்கு வந்திருக்கிறான். இளைத்துவிட்டான். காலையில் மில் மைதானத்துக்கு என்னைத் தேடிக்கொண்டு வந்தான். நவோதயத்திலும் அவனை யாரும் நம்புவதில்லையாம். பந்து தவறினால் எவ்வளவு வாங்கினாய் என்று கூட்டம் கேட்கிறதாம். பெனால்டி அடிக்க விடுவதே இல்லையாம். எனக்குப் பரிதாபம் வரவில்லை. வராதா என்று கொஞ்சம் பார்த்தேன், வரவில்லை.

"என்னைய அடிச்சுடு மச்சான். அப்பவாச்சும் உன் மனசு ஆறுதான்னு பாப்போம்."

நான் அவனை அடிக்கவில்லை. பையன்கள் விட்டுப்போன பந்து ஒன்று கிடந்தது. எடுத்துப் பெனால்டி இடத்தில் வைத்தேன். மில் சுவரில் நாங்கள் அந்நாளில் கரியால் கோடு போட்டு வைத்த கோலுக்கு முன்னால் போய் நின்றேன்.

"அன்னிக்கு நீ அடிக்கவே இல்ல. இப்ப அடி."

முதல் பந்தை மெதுவாகத் தள்ளினான். அதைக் கையால்கூடத் தொடாமல் அவன் மூஞ்சிக்கே உதைத்தேன்.

"மெய்யா அடிடா! நான் இன்னா சொறிநாயா, எலும்புத் துண்டு போட்றதுக்கு?"

அவன் முகம் மாறியது. பந்தைத் திருத்தி வைத்தான். பின்னால் போனான், முன்னெல்லாம் போகிற அளவுக்கு. ஓடி வந்தான்.

எங்கே வரும் என்று எனக்குத் தெரியும். வலது கைப்பக்கம், தரையோடு. நான் பாய்ந்தேன். உடம்பு தரையில் விழுவதற்கு முன்பே சுவரில் சத்தம் கேட்டுவிட்டது. விரலில்கூடப் படவில்லை.

கொஞ்ச நேரம் மண்ணிலேயே கிடந்தேன். முழங்கை உரிந்து ரத்தம் வந்தது. தயாளன் ஓடி வரப் பார்த்தான், அங்கேயே நில் என்றேன். எழுந்து போய்ப் பந்தை நானே எடுத்து வந்து அவன் முன்னால் வைத்தேன்.

மறுபடி அடித்தான். மறுபடி உள்ளே. வெயில் உச்சிக்கு வரும்வரை அடித்தான், ஒன்றில்கூட இரக்கம் இல்லை. அப்படியும் கடைசியில் ஒன்றைத் தட்டிவிட்டேன். மணிக்கட்டு வீங்கிவிட்டது. இதை இடது கையால் எழுதுகிறேன், கோணல் மாணலாக வருகிறது.

அவனை இன்னும் மன்னிக்கவில்லை. நாளைக்கும் வரச் சொல்லியிருக்கிறேன்.